தனியாக நிற்கும் கார் ஷெட்டுக்குப் பூமிக்கடியில் தண்ணீரும் மின்சாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைக் கட்டிக் குடிபுகுந்து சில ஆண்டுகள் கழித்துக் கொல்லைப்புறத்திலோ காம்பவுண்டு மூலையிலோ தனியாக ஒரு கார் ஷெட் போடுகிறவர்கள், கூரை ஏறிய பிறகுதான் பெரும்பாலும் விளக்குக்கும் தண்ணீருக்கும் வழி தேடத் தொடங்குகிறார்கள். கீழே உள்ள பதில்கள், தமிழ்நாட்டில் தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட ஒரு வீட்டையும் அதிலிருந்து 25 மீட்டர், அதாவது சுமார் 80 அடி தள்ளி நிற்கும் ஷெட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கணக்குகள் எல்லாம் அந்த 25 மீட்டருக்கே. மின் இணைப்பு வேலையை உரிமம் பெற்றவர்களைக் கொண்டே செய்ய வேண்டும். குழி வெட்டுவது, மணல் பரப்புவது, தண்ணீர்க் குழாய் பதிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கூடவே நின்று பார்ப்பது ஆகியவை வீட்டுக்காரரின் வேலைகள்.

மேலே கம்பி இழுத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமே, எதற்குப் பூமியைத் தோண்ட வேண்டும்?

காம்பவுண்டுக்குள் மேலே போகும் ஒயர் தென்னை மட்டைக்கும் ஐப்பசிக் காற்றுக்கும் பலியாவதைவிடப் பெரிய ஆபத்து தொரட்டிக் கம்பு. முருங்கைக்காய் பறிக்கவும் தேங்காய் தள்ளவும் இரும்புக் குழாயில் தொரட்டி கட்டி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். வெயிலில் உறை வெடித்துப்போன ஒயரில் அது பட்டால் கையில் பிடித்திருப்பவர் தப்புவது அரிது. ஏணியைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கும், அதே கம்பியில் ஈரத்துணி காயப்போடுகிறவருக்கும் இதே நிலைதான். தண்ணீர்க் குழாயும் சுவரோரமாக வெயிலில் கிடந்தால் சில ஆண்டுகளில் உலர்ந்து, லேசாகக் கால் பட்டாலே உடையும் பதத்துக்கு வந்துவிடும்.

வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

மண்வெட்டியிலிருந்து அல்ல, ஒரு தாளிலிருந்து. அந்த ஷெட்டில் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் என்னவெல்லாம் ஓடக்கூடும் என்று எழுதிப் பாருங்கள்: இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, வண்டி கழுவும் பிரஷர் வாஷர், காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர், என்றாவது ஒரு மின்சாரக் கார். இன்று இரண்டு விளக்குதானே என்று மெல்லிய கேபிளைப் போட்டுக் குழியை மூடிவிட்டு, மூன்றாம் ஆண்டு மின்சார ஸ்கூட்டர் வந்ததும் மறுபடியும் சிமென்ட் தரையை உடைக்கிறவர்களை நான் ஒருவர் இருவரல்ல, பலரைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் காசையும் உடம்பையும் தின்பது தோண்டுவதும் மூடுவதும்தான். கேபிளில் ஒரு படி, குழாயில் ஒரு படி கூடுதலாக வாங்குவது அதற்கு முன் சிறிய செலவு. ஆகவே குழி திறந்திருக்கும்போது, இப்போதைக்குத் தேவைப்படாத ஒரு வெற்றுக் குழாயையும் உள்ளே நைலான் கயிற்றை விட்டுச் சேர்த்துப் பதித்து, இரு முனைகளையும் மூடியிட்டு வைத்துவிடுங்கள். கேமரா, இணைய இணைப்பு, கேட் மோட்டார் என்று ஏதாவது ஒன்று அதைத் தேடி வந்தே தீரும்.

எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்?

பூமிக்கடியில் கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1255, வீட்டு மின்னழுத்தத்தில் ஓடும் கேபிளின் மேற்புறம் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி ஆழத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் பல வீடுகளில் ஒரு சாண் ஆழத்தில் பிவிசி குழாயைப் புதைத்து அதற்குள் சாதாரண வீட்டு ஒயரை ஓட்டிவிடுகிறார்கள்; செம்பருத்திச் செடி நட ஒருவர் மண்வெட்டியை ஓங்கும் வரைக்கும்தான் அது பத்திரம். இரண்டரை அடி என்பது மண்வெட்டியும் கடப்பாரையும் வழக்கமாக எட்டாத ஆழம் என்று புரிந்துகொண்டால், வேலையாளோடு பேரம் பேசி அதை ஒன்றரை அடியாகக் குறைக்கத் தோன்றாது.

தண்ணீர்க் குழாய்க்கு அவ்வளவு ஆழம் வேண்டியதில்லை. குளிர்நாடுகளில் நிலத்தடிக் குழாய் உறைந்துவிடும் என்று ஆழமாகப் போடுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆள் நடக்கும் இடத்தில் ஒன்றரை அடி போதும். வண்டி ஏறி இறங்கும் பாதையில் மட்டும் குழாயையும் கேபிளையும் தனித்தனியாக, கனமான பெரிய குழாய்களுக்குள் நுழைத்துக் கடத்துங்கள். பின்னாளில் மாற்ற வேண்டி வந்தால் தளத்தை உடைக்காமல் உருவி எடுக்க முடியும்.

இரண்டையும் ஒரே குழியில் போடலாமா?

போடலாம், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கக் கூடாது. மின் கேபிளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையில் 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இதற்கு எளிய வழி, குழியைப் படிக்கட்டு போல வெட்டுவது: ஒரு பக்கம் முழு ஆழத்துக்குப் போய் அங்கே கேபிள், மறுபக்கம் ஒன்றரை அடியில் ஒரு மண் திண்டை விட்டு அதன்மேல் தண்ணீர்க் குழாய். நாளை குழாயில் கசிவு ஏற்பட்டுத் தோண்ட நேர்ந்தால், தோண்டுகிறவர் கேபிளைத் தொடாமலேயே வேலையை முடித்துவிடலாம்.

குழியின் அடியில் கல்லையும் உடைந்த செங்கல்லையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மூன்று அங்குலத்துக்குச் சலித்த மணலைப் பரப்பி, அதன்மேல் கேபிளைச் சற்றே நெளிவுநெளிவாகக் கிடத்த வேண்டும். இழுத்துப் பிடித்த கயிறு போல இருக்கக் கூடாது. அதன்மேல் இன்னொரு மூன்று அங்குல மணல், மணலுக்கு மேல் குறுக்காக அடுக்கிய செங்கல் வரிசை. மண்ணைப் பாதி நிரப்பிய பிறகு, கேபிளுக்கு ஓர் அடி உயரத்தில் எச்சரிக்கை நாடாவை விரித்துவிடுங்கள். கடற்கரை மணலை இந்த வேலைக்குக் கொண்டுவர வேண்டாம். அதிலுள்ள உப்பு கேபிளின் இரும்புக் கவசத்தை அரிக்கும்.

எந்தப் பாதையில் தோண்டுவது?

நேர்கோடுதான் சிக்கனம் என்றாலும், காம்பவுண்டுச் சுவரின் அடியை ஒட்டியே தோண்டுவது தவறு. பழைய சுவர்களின் கருங்கல் அடித்தளம் பல இடங்களில் இரண்டடிக்கு மேல் இறங்காது. அதன் பக்கத்தில் இரண்டரை அடிக்கு மண்ணை எடுத்து, அன்றிரவு மழையும் பெய்தால் சுவர் குழிக்குள் சாயும். மூன்றடி தள்ளியே போங்கள். செப்டிக் டேங்கைச் சுற்றிக்கொண்டு போங்கள். கழிவுநீர்க் குழாயைக் கடக்க நேர்ந்தால் தண்ணீர்க் குழாய் அதற்கு மேலாகத்தான் செல்ல வேண்டும், கடக்கும் இடத்தில் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது.

எந்தக் கேபிளைக் கேட்டு வாங்குவது?

கடையில் ‘ஆர்மர்டு கேபிள்’ என்று கேட்டால் தெரியும். உள்ளே உறையிட்ட கம்பிகள், அவற்றைச் சுற்றி இரும்புக் கம்பியாலோ பட்டையாலோ ஆன கவசம், அதற்கு வெளியே கறுப்பு உறை. நேரடியாக மண்ணில் புதைப்பதற்கென்றே செய்யப்படுவது இது. பிவிசி உறையிட்டதற்கு ஐஎஸ் 1554, எக்ஸ்எல்பிஇ என்ற, சூட்டை அதிகம் தாங்கும் பிளாஸ்டிக் உறையிட்டதற்கு ஐஎஸ் 7098 என்ற முத்திரையை உறையின்மேல் பார்க்கலாம். இந்தக் கவசம் மனிதனின் கடப்பாரைக்காக மட்டும் அல்ல. நம் ஊர்ப் பெருச்சாளி வெறும் பிவிசி குழாயைக் கடித்துத் துளையிட்டு ஒயரையும் கொறித்துவிடும். இரும்புக் கவசத்தில்தான் அதன் பல் தோற்கிறது.

நீளத்தை அளக்கும்போது குழியின் நீளத்தோடு இரு முனைகளிலும் மேலேறும் உயரத்தையும், முனைக்கு இரண்டு மீட்டர் மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒட்டுப்போட வேண்டிய நிலை வரவே கூடாது. கேபிளைச் செங்குத்தாக மடக்கவும் கூடாது. வளைவின் ஆரம் கேபிளின் விட்டத்தைப் போல் 12 மடங்காவது இருக்க வேண்டும்.

எத்தனை சதுர மில்லிமீட்டர் கேபிள் போதும்?

நீளமான ஓட்டத்தில் கம்பி சூடாகுமா என்பதோடு, மறுமுனையில் எவ்வளவு வோல்ட் குறைந்து சேரும் என்பதையும் பார்க்க வேண்டும். 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 3.08 ஓம். போக 25 மீட்டர், வர 25 மீட்டர், ஆக 50 மீட்டருக்கு 0.154 ஓம். கார் சார்ஜர் 32 ஆம்பியர் இழுத்தால் ஏறத்தாழ 5 வோல்ட் வழியிலேயே போய்விடும். கம்பி சூடேறிய நிலையில் அது 6 வோல்ட்டை நெருங்கும். 230 வோல்ட்டில் இது இரண்டரை சதவீதத்துக்குச் சற்று அதிகம். வழியில் 3 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்பது என் கணக்கு. ஏனென்றால், கோடைக்கால மாலையில் தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்சாரமே முழு 230 இல்லாமல் தள்ளாடி வரும் ஊர்களில்தான் நம்மில் பலர் இருக்கிறோம்.

கார் சார்ஜர் என்ற எண்ணமே இல்லை, 16 ஆம்பியர் ஒரு பாயின்டும் விளக்கும் போதும் என்றால் 4 சதுர மி.மீ. செம்பு தாராளம். அலுமினியக் கேபிள் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். 10 சதுர மி.மீ. அலுமினியத்தின் மின்தடையும் 6 சதுர மி.மீ. செம்பின் மின்தடையும் ஒன்றே. ஆனால் அலுமினியத்தை நேரடியாகச் செம்போடு முறுக்கி இணைத்தால் ஈரக்காற்றில் அந்த இடம் அரித்துச் சூடேறும். அதற்கான இருஉலோக லக்கை, அதாவது ஒரு முனை அலுமினியமும் மறுமுனை செம்புமான இணைப்பு முனையைப் போட்டு, அழுத்தும் கருவியால் அழுத்தி இணைப்பவர் கிடைத்தால் மட்டும் அலுமினியத்துக்குப் போங்கள்.

வீட்டில் எந்த இடத்திலிருந்து மின்சாரத்தை எடுப்பது?

பக்கத்தில் இருக்கிறதே என்று சமையலறை பிளக் பாயின்டிலிருந்தோ மோட்டார் சுவிட்சிலிருந்தோ எடுப்பதுதான் பெரும்பாலான கோளாறுகளின் ஊற்று. ஷெட்டுக்குப் போகும் இணைப்பு மெயின் போர்டில் தனி இரட்டைத் துருவ எம்சிபியிலிருந்து, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் இரு கம்பிகளையும் தானே துண்டிக்கும் சுவிட்சிலிருந்து புறப்பட வேண்டும். அதுவும், மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபிக்குப் பிறகு அல்ல, அதற்கு முன்பே பிரிந்து செல்ல வேண்டும். காரணத்தை ஒரு மழை இரவில் தெரிந்துகொள்ளலாம். ஷெட்டின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு பல்லி புகுந்தோ எறும்புக் கூட்டில் ஈரம் ஊறியோ லேசாக மின்கசிவு ஏற்பட்டால், வீட்டு ஆர்சிசிபி விழுந்து வீடே இருளும். நள்ளிரவில் டார்ச்சோடு எல்லா அறைகளையும் தேடிவிட்டுக் கடைசியில்தான் ஷெட் நினைவுக்கு வரும்.

அப்படியானால் ஷெட்டுக்கென்று ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஷெட்டிலேயே இருக்க வேண்டும். வீட்டு முனையிலும் 100 மில்லிஆம்பியர், சற்றுத் தாமதித்து விழும் வகையில் ஒன்று வேண்டும். எம்சிபி இருக்கிறதே, போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: கேபிள் மண்ணுக்குள் அடிபட்டு மின்கம்பி கவசத்தைத் தொட்டால், மின்னோட்டம் எர்த் குழி வழியாக, மண் வழியாகத் திரும்ப வேண்டும். அந்த வழியின் மொத்தத் தடை 5 ஓம் என்றாலும் ஓடுவது 46 ஆம்பியர்தான். 40 ஆம்பியர் எம்சிபி 46 ஆம்பியரை நெடுநேரம் பொறுத்துக்கொண்டிருக்கும். அவ்வளவு நேரமும் ஷெட்டின் இரும்புக் கதவில் மின்சாரம் இருக்கும்.

எர்த்துக்கு ஷெட் பக்கத்தில் ஒரு கம்பி அடித்தால் போதாதா?

போதாது. கேபிளின் கவசத்தை இரு முனையிலும் உலோகக் கிளாண்டு (கேபிளைப் பெட்டியோடு இறுக்கும் பிடிப்பான்) போட்டுப் பிடித்து எர்த்தோடு இணைக்க வேண்டும். கேபிளுக்குள்ளேயே மூன்றாவது கம்பியாகவோ துத்தநாகம் பூசிய தனி இரும்புக் கம்பியாகவோ (ஜிஐ) வீட்டு எர்த்திலிருந்து ஷெட் வரை தொடர்ச்சி இருக்க வேண்டும். ஷெட் அருகில் இன்னொரு எர்த் குழி போட்டு அதையும் இதோடு சேர்ப்பது நல்லது. எர்த்துக்கான ஐஎஸ் 3043, குழாய் வகை எர்த்துக்குக் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளக் குழாயைச் சொல்கிறது. மூன்றடி இரும்புத் துண்டை அடித்துவிட்டு எர்த் போட்டாயிற்று என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். இரும்புத் தூண், இரும்புக் கதவு, தகரக் கூரைச் சட்டம் எல்லாவற்றையும் இந்த எர்த்தோடு இணைத்துவிடுங்கள்.

மின்சாரக் காருக்கு என்று தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா?

32 ஆம்பியர் சார்ஜர் என்பது ஏறத்தாழ 7.4 கிலோவாட், இரண்டு கெய்சர்களும் ஓர் ஏசியும் சேர்ந்தாற்போல, அதுவும் பல மணி நேரம் தொடர்ந்து ஓடுவது. வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு அதைத் தாங்குமா என்று மின்கட்டண அட்டையிலோ ரசீதிலோ பார்த்து, தேவையானால் மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்துவிட்டே சார்ஜர் வாங்குங்கள். ஆர்சிசிபியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும், சாதாரணமாகக் கிடைக்கும் ஏசி வகை ஆர்சிசிபி, காரின் சார்ஜரிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் செயலற்றுப் போகலாம். சார்ஜருக்குள் நேர்மின்கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் ஏ வகை, இல்லாவிட்டால் பி வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீரை எங்கிருந்து எடுப்பது? எவ்வளவு பெரிய குழாய் வேண்டும்?

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தனி இறக்கமாக எடுப்பதே நல்லது. குளியலறைக் குழாயிலிருந்து கிளை பிரித்தால், ஷெட்டில் வண்டி கழுவும்போது மேலே குளிப்பவர் சோப்போடு நிற்பார். நேரடியாக மோட்டார் குழாயிலிருந்து எடுத்தால், மோட்டார் ஓடும்போது மட்டுமே தண்ணீர் கிடைக்கும்.

அழுத்தத்தை வைத்துக் குழாயின் அளவைத் தீர்மானிக்கலாம். தொட்டி, ஷெட் குழாயைவிட 8 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் ப்ளம்பர் கணக்கில் (சதுர சென்டிமீட்டருக்கு) முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம்; அவ்வளவுதான் நம்மிடம் உள்ள சொத்து. நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடும்போது, 25 மீட்டர் நீளத்தில் 15 மி.மீ. உள்விட்டமுள்ள அரை அங்குலக் குழாய் அந்த 8 மீட்டரில் ஏறத்தாழ 4 மீட்டரை உராய்விலேயே தின்றுவிடும். 20 மி.மீ. குழாயில் இழப்பு 1 மீட்டர், 25 மி.மீ. குழாயில் மூன்றில் ஒரு மீட்டர்தான். ஓரங்குலக் குழாயே போடுங்கள். அப்போதும் பீய்ச்சி அடிக்கும் வேகம் வராது. அதற்கு பிரஷர் வாஷர் இருக்கிறது, வாளியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

யுபிவிசியா, எச்டிபிஇயா, ஜிஐயா?

ஜிஐ வேண்டாம், உப்பு மண்ணில் அது துருப்பிடித்துத் துளைவிழும். விறைப்பான பிளாஸ்டிக் குழாயான யுபிவிசி நல்லதுதான், எல்லா ப்ளம்பர்களுக்கும் கைவந்தது. ஆனால் நீளத்துக்கு ஏற்பப் பல ஒட்டுகள் வரும், ஒவ்வொன்றும் பூமிக்குள் ஒரு சந்தேகம். வளையும் பிளாஸ்டிக்கான எச்டிபிஇ குழாய் சுருளாகக் கிடைப்பதால் வீட்டிலிருந்து ஷெட் வரை ஒட்டே இல்லாமல் போடலாம். கரிசல் மண்ணில் இருப்பவர்களுக்கு நான் எச்டிபிஇயைத்தான் சொல்வேன். கோடையில் வெடித்து மழையில் வீங்கும் அந்த மண் விறைப்பான குழாயை இழுத்து முறித்துவிடும், வளையும் குழாயை விட்டுவிடும்.

எந்தக் குழாயானாலும் வீட்டு முனையில் கைக்கு எட்டும் இடத்தில், திறந்து மூட ஒரு பால் வால்வு வேண்டும். அதை அடுத்து, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும். ஷெட்டில் ஹோஸ் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் கிடக்கும்போது, யாராவது தொட்டி வால்வை மூடிக் கீழ்த்தளக் குழாயைத் திறந்தால், வாளித் தண்ணீர் திரும்பி வீட்டுக் குழாய்க்குள் ஏறிவிடும். ஷெட் முனையில் குழாய் மேலேறும் இடத்தில் பித்தளை மரை பதித்த எல்போவைப் போட்டுச் சிறு கான்கிரீட் கட்டையில் பிடித்துவிடுங்கள். குழாயை முறுக்கித் திறக்கும் கை எல்லாம் கடைசியில் அந்த எல்போவைத்தான் முறிக்கிறது.

மூடுவதற்கு முன் என்ன சோதனை செய்ய வேண்டும்?

தண்ணீருக்கு: ஒட்டுகள் ஒரு நாள் காய்ந்த பிறகு, குழாயை நிரப்பிக் காற்றை வெளியேற்றி, கைப்பம்பும் அழுத்தமானியும் வைத்து வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு ஏற்றிவிட்டுப் பாருங்கள். பம்பு கிடைக்கவில்லை என்றால், முனையை அடைத்துத் தொட்டித் தண்ணீரின் அழுத்தத்திலேயே ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் ஒவ்வொரு ஒட்டின் அடியிலும் பழைய செய்தித்தாளை வைத்துத் தடவிப் பாருங்கள்; ஈரம் தாளில் உடனே தெரியும்.

மின்சாரத்துக்கு: 500 வோல்ட் மெகரால் (உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) கம்பிக்கும் கம்பிக்கும், கம்பிக்கும் கவசத்துக்கும் இடையே அளந்து குறைந்தது 1 மெகாஓம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுக் கேபிள் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஆகவே புதுக் கேபிள் ஒன்று, இரண்டு என்று மட்டும் காட்டினால், அந்தக் குறைந்தபட்ச அளவைத் தொட்டாலும் எங்கோ உறை கிழிந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மண்ணைப் போட்டு இடித்த பிறகும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கல் ஒன்று கேபிளைக் குத்துவது மூடும்போதுதான்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

மாசியிலிருந்து ஆடிக்குள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் குழி கிணறாகும், பக்கம் சரியும். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் ஷெட்டின் பிளக் பாயின்டுகளையும் பெட்டியையும் நான்கடிக்கு மேல் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஷெட்டை வாடகைக்கு விட்டாலோ கடை வைத்தாலோ இதே இணைப்பைப் பயன்படுத்தலாமா?

கூடாது. வீட்டு உபயோகத்துக்குப் பெற்ற மின்சாரத்தை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தின் இரு மடங்கில் மதிப்பிட்டு வசூலிப்பார்கள். தனி இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடிய பிறகு எது எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்?

குழி திறந்திருக்கும்போதே அளவு நாடாவைக் குறுக்கே பிடித்துப் புகைப்படம் எடுங்கள். சுவர் மூலையோ கிணற்று மேடையோ படத்தில் தெரிய வேண்டும். ஆனால் புகைப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் எடுத்த படங்கள் பழைய கைபேசியோடு போய்விட்டன. ஐந்தாம் ஆண்டு தென்னங்கன்றுக்குக் குழி எடுத்தவர் செங்கல் வரிசை தட்டுப்பட்டதும் நிறுத்திக் கேட்டதால்தான் கேபிள் பிழைத்தது. இப்போது ஒரு தாளில், வீட்டின் தென்கிழக்கு மூலையிலிருந்து எத்தனை அடி, திரும்பும் இடம் எது, ஆழம் எவ்வளவு என்று பால்பாயின்ட் பேனாவால் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு மெயின் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். திரும்பும் இரண்டு இடங்களிலும் தரைமட்டத்துக்கு ஒரு சிறு கல்லைப் பதித்துச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கற்களுக்கும் ஒரு கை பெயின்ட்.